பார்மட் கேட்டால் மறுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் வைத்துக்கொள்ளும் 'நாஸ்' சேமிப்புப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எதை வாங்கலாம், எத்தனை டெராபைட் போதும், கைப்பேசிப் படங்களை அதில் தானாக ஏற்றுவது எப்படி என்றெல்லாம் நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டி ஒரு நாள் நின்றுபோனால் உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. பழுதான ஹார்டு டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். விடுபட்ட அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு வரும் நாஸ் டிஸ்க்குகளில் பல, முழுசாகக் காப்பாற்றியிருக்கக் கூடியவை. முதலில் கெட்டது பெட்டி மட்டும்தான். டிஸ்க் பத்திரமாக இருந்தது. பெட்டி நின்ற பதற்றத்தில் அதைக் கழற்றி வேறு எதிலோ மாட்டி, திரையில் வந்த கேள்விக்கெல்லாம் 'சரி' கொடுத்து, அதன் பிறகு என்னிடம் கொண்டுவருகிறார்கள். இந்தக் கடிதத்தைப் படிப்பவர்களில் ஒருவராவது அந்த 'சரி'யை அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டால் போதும்.

நாஸ் என்பது தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கென்று பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, நெட்வொர்க் கேபிள் மாட்டும் இடம் உண்டு. உள்ளே ஒன்றோ இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க் இருக்கும். பெரும்பாலான பெட்டிகளை ஓட்டுவது லினக்ஸ். நம் விண்டோஸ் கணினியில் திறந்தால் சாதாரண ஃபோல்டர் போலவே தெரிகிறது. அதனால் டிஸ்க்கிலும் விண்டோஸ் முறையில்தான் எழுதியிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நெட்வொர்க் வழியாக நமக்குக் காட்டும் முகம் வேறு, டிஸ்க்கில் எழுதும் முறை வேறு. உள்ளே இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் போன்ற முறைகளில்தான் எழுதியிருக்கும். விண்டோஸுக்கு இவற்றைத் தானாகப் படிக்கத் தெரியாது.

பெட்டி நின்றதும் பார்க்க வேண்டிய முதல் பொருள் மின் அடாப்டர். 'விளக்கு எரிகிறது, ஆனால் டிஸ்க் சுற்றவில்லை' என்று சொல்வார்கள். மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அடாப்டருக்கு வயதாகிக் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் விளக்கை எரிய வைக்கத்தான் அதற்குத் தெம்பு இருக்கும், டிஸ்க்கைச் சுழற்ற இருக்காது. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே துருவ அமைப்பு உள்ள இன்னொரு நல்ல அடாப்டரைப் போட்டதும் எழுந்து உட்கார்ந்த பெட்டிகள் எத்தனையோ உண்டு. இதைப் பார்க்காமலேயே டிஸ்க்கைக் கழற்றிவிடுகிறார்கள்.

அடாப்டர் சரியாக இருந்தால் அடுத்தது மதர்போர்டு. இன்டெல் நிறுவனத்தின் ஆட்டம் சி2000 வரிசைச் சில்லுகளில் நாளாக ஆகக் கடிகாரத் துடிப்பு வெளிவராமல் நின்றுவிடும் குறை இருப்பது 2017 தொடக்கத்தில் வெளியே தெரிந்தது. அந்தச் சில்லைப் போட்டிருந்த நாஸ் பெட்டிகள் நேற்று வரை ஓடிவிட்டு இன்று எழுந்திருக்காமல் போயின. நாஸ் தயாரிப்பாளரான சினாலஜி அந்த மாடல்களுக்கு உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. அந்தப் பெட்டிகளின் டிஸ்க்குகளுக்கும் இந்தக் குறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவற்றில் எழுதியது எழுதியபடியே இருந்தது.

பெட்டிதான் போயிருக்கிறது என்றால், அதே தயாரிப்பாளரின் அதே வரிசையில் இன்னொரு பெட்டி வாங்கி டிஸ்க்குகளை அதே வரிசைப்படி மாட்டுவது பல மாடல்களில் சுலபமான வழி. கழற்றும் முன் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அது எந்த இடத்தில் இருந்தது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிடுங்கள். புதுப் பெட்டி எழுந்ததும் என்ன கேட்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். பழைய தகவல்களை அப்படியே எடுத்துக்கொள்ளவா, அல்லது புதிதாக அமைக்கவா என்று கேட்கும். 'புதிதாக' என்றால் அழிப்பது என்று பொருள். உங்கள் மாடல் பழையதை ஏற்கும் என்று தயாரிப்பாளரே எழுதி வைத்திருந்தால் ஒழிய, ஒற்றை டிஸ்க் பெட்டிகளில் இந்த வழிக்குப் போகாமல் இருப்பது நல்லது.

இனி அந்த 'சரி' பொத்தானுக்கு வருகிறேன்.

டிடிபி வேலை செய்யும் ஒரு அம்மா. பல பதிப்பாளர்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தவர். அவர் செய்த புத்தகங்களின் மூலக் கோப்புகள் எல்லாம் ஒரே ஒரு நாஸ் பெட்டியில் இருந்தன. பெட்டி ஒரு நாள் எழவில்லை. மகன் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி டாக்கில் செருகி, விண்டோஸ் கணினியோடு இணைத்தான். 'இந்த டிரைவைப் பயன்படுத்துவதற்கு முன் பார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா' என்று கேட்டது. கம்ப்யூட்டரே கேட்கிறதே, அப்படித்தான் திறக்கும் போலிருக்கிறது என்று சம்மதித்துவிட்டான். சில நொடிகளில் வெறும் டிரைவ் திறந்தது. அதன் பிறகு ஒரு சர்வீஸ் இடத்தில் காட்டியபோது, பார்மட் ஆகிவிட்டது, இனி ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாத முறையில் இதில் எழுதியிருக்கிறது, வேறு கணினியின் தகவல்கள் இருக்கலாம் என்று விண்டோஸ் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு பார்மட் செய்யவா என்று கேட்கிறது. கணினி பழகாத ஒருவர் இதற்கு வேறு என்ன பதில் சொல்வார்?

அந்த அம்மாவைக் காப்பாற்றியது 'குவிக் பார்மட்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே இருந்த டிக். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு பார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தால் நிரம்பிவிடும். பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குவிக் பார்மட் அப்படிச் செய்வதில்லை. தன் முறைக்குத் தேவையான சில இடங்களில் மட்டும் எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் காலி என்று கணக்குக் காட்டும். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினால் உள்ளே இருக்கும் அத்தியாயங்கள் அழிந்துவிடாது, அதே கதைதான்.

இஎக்ஸ்டி4 முறையில் டிஸ்க்கைப் பற்றிய முக்கியக் குறிப்பை 'சூப்பர் பிளாக்' என்பார்கள். டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியான பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி அது இருக்கும். விண்டோஸ் முறையான என்டிஎஃப்எஸ் பார்மட் முதலில் மிதிப்பது அந்த இடத்தைத்தான். ஆனால் இஎக்ஸ்டி4-ஐ வடிவமைத்தவர்கள் முன்யோசனைக்காரர்கள். அதே குறிப்பின் பிரதிகளை டிஸ்க்கில் ஆங்காங்கே வைத்திருக்கிறார்கள். இடத்தைப் பிளாக் என்ற சம துண்டுகளாகப் பிரித்துத்தான் எழுதும். வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் பிரதி 32768-ஆம் பிளாக்கில் இருக்கும், அதாவது தொடக்கத்திலிருந்து 128 எம்பி தள்ளி. அதற்கடுத்தது 98304-ஆம் பிளாக்கில். இப்படி டிஸ்க்கின் ஆழம் வரை போகும்.

முதல் வேலையாக அந்த டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே கிளோன் எடுத்தேன். அசலை எடுத்து வைத்துவிட்டு, கிளோனில் 32768-ஆம் பிளாக்கைச் சுட்டிக்காட்டிப் படித்துச் சரிசெய்யச் சொன்னேன். ஃபோல்டர்கள் பெயரோடு வந்து நின்றன. என்டிஎஃப்எஸ் எழுதிய இடங்களில் சிக்கியவை மட்டும் பெயர் இழந்து, வெறும் எண்களோடு 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் போய் விழுந்தன. அந்த அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எண் போட்ட கோப்பு ஒன்றைத் திறந்தால் முதல் பக்கத்தின் ஓரஅளவையும் தலைப்பு இடத்தையும் பார்த்தே எந்தப் புத்தகம் என்று சொல்லிவிடுவார். நான் பெயரை மாற்றிக்கொண்டே வந்தேன்.

இடையில் ஒரு கோப்பைத் திறந்ததும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. கெட்டுவிட்டது என்று முகம் வாடிவிட்டார். அது கெடவில்லை. யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பு. அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்தது. பழைய தமிழ்க் கோப்புகளை மீட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எழுத்துரு இல்லாததால் புரியாமல் தெரிகிற கோப்பைக் கெட்டது என்று முடிவு கட்டி அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, யாரும் பார்மட் செய்யாத, நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கை எப்படிப் படிப்பது? ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, எந்தக் கணினியிலும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கலாம். உபுண்டு போன்றவை இலவசம். டிஸ்க்கை நேராகக் கணினியின் சாட்டா கேபிளில் மாட்டுவது உத்தமம். அது முடியாவிட்டால் தனியாக மின்சாரம் தரும் யுஎஸ்பி டாக் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான மெல்லிய யுஎஸ்பி கேபிளில் 5 வோல்ட்தான் வரும்; மூன்றரை அங்குல டிஸ்க் அதில் சுழலாது. சுழலவில்லை என்றதும் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

திறக்கும்போது 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்க வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. படிக்க மட்டும் என்று சொன்னாலும் இஎக்ஸ்டி4, முன்பு பாதியில் நின்ற எழுத்து வேலையை முடிக்கத் தன் ஜர்னலை (எழுத வேண்டியதைக் குறித்து வைக்கும் பதிவு) ஓட்டி டிஸ்க்கில் எழுதும். அதையும் தடுக்க 'நோலோட்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெட்டி மின்வெட்டில் நின்றிருந்தால் இது ரொம்ப முக்கியம்.

திறந்ததும் ஏதோ சில ஜிபி அளவில் ஒரு சின்னப் பகுதியும் அதில் புரியாத லினக்ஸ் ஃபோல்டர்களும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல பெட்டிகள் டிஸ்க்கின் முன்பகுதியில் தங்கள் இயங்குதளத்தை வைத்துக்கொள்ளும். உங்கள் கோப்புகள் அதற்குப் பின்னால் வரும் பெரிய பார்ட்டிஷனில் இருக்கும். அதைச் சொடுக்கினால் 'லினக்ஸ் ரெய்டு மெம்பர்' என்று சொல்லித் திறக்க மறுக்கலாம். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. ஒரே டிஸ்க் உள்ள பெட்டியில்கூடச் சில தயாரிப்பாளர்கள் ரெய்டு அமைப்பின் ஒற்றை உறுப்பாகத்தான் அதை எழுதுகிறார்கள். எம்டிஏடிஎம் என்ற கருவியை நிறுவி 'அசெம்பிள்' என்று சொன்னால் சேர்ந்துகொள்ளும். சில பெட்டிகளுக்குப் பகுதிகளைச் சேர்த்துக் காட்டும் எல்விஎம் கருவியும் தேவைப்படும். அதே எம்டிஏடிஎம்மில் 'கிரியேட்' என்றொரு கட்டளை உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். அது பழைய ரெய்டு குறிப்புகளின் மேலேயே புதிதாக எழுதும்.

இன்னொரு வகை டிஸ்க் என்னிடம் அடிக்கடி வருகிறது. லினக்ஸ் தெரிந்தவர்கள்கூடக் கைவிட்டுவிட்டு வருவார்கள். சில பழைய ஒற்றை டிஸ்க் பெட்டிகள் பவர்பிசி வகை பிராசஸரில் ஓடியவை. அவற்றில் இஎக்ஸ்டி4-இன் பிளாக் அளவு 64 கேபி. நம் மேசைக் கணினிகளின் நினைவகப் பக்க அளவு 4 கேபி. பக்கத்தைவிடப் பெரிய பிளாக்கை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பல பதிப்புகள் ஏற்காது. 'சூப்பர் பிளாக் தவறு' என்பது போல ஒரு பிழையைக் காட்டும். அதைப் படித்துவிட்டு டிஸ்க் பழுது என்று நினைத்து எஃப்எஸ்சிகே என்ற பிழை திருத்தும் கருவியை ஓட்டினால் வீண் ஆபத்து. டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. ஃபியூஸ் இஎக்ஸ்டி2 என்ற கருவி கெர்னலை நம்பாமல் தானே படித்துக் கொடுக்கும். டீபக்எஃப்எஸ் என்ற கருவி டிஸ்க்கை மவுண்ட் செய்யாமலேயே (கணினியில் ஃபோல்டராக இணைக்காமலேயே) ஃபோல்டரோடு வெளியே எடுத்துத் தரும். வேகம் குறைவுதான், ஆனால் வந்துவிடும்.

பெட்டியில் நீங்கள் என்கிரிப்ஷன் (கோப்புகளைச் சாவியால் பூட்டும் முறை) போட்டிருந்தால் அந்தச் சாவிக் கோப்போ கடவுச்சொல்லோ இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. சாவியை அதே பெட்டியில் மட்டும் வைத்திருப்பவர்கள் இன்றே வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

கோப்புகள் தெரிந்துவிட்டன, நகல் எடுக்கலாம் என்று உட்காரும்போது தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் வரும். இதை எங்கும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆகவே 15 பைட். மொத்தத்தில் 85 குறிகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். சில பெட்டிகளின் என்கிரிப்ஷன் போட்ட ஃபோல்டரில் எல்லை 143 பைட்தான், அதாவது 47 குறிகள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே 255 குறிகள் வரை இடம் கிடைக்கும். மீட்ட கோப்புகளை விண்டோஸ் டிஸ்க் ஒன்றில் வைத்து, பெயர்களையும் விரிவாக மாற்றி எழுதி, பிறகு புது நாஸ் பெட்டிக்குள் ஏற்றும்போது நீளமான தமிழ்ப் பெயர்கள் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே அந்த எச்சரிக்கையை யாரும் கவனிப்பதில்லை. நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வைக்கலாம், விண்டோஸ் ஏற்காது. நகல் எடுக்கும் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் வீடியோ எதுவும் அதில் நிற்காது.

இதுவரை சொன்னது டிஸ்க் நன்றாக இருக்கும்போது. டிஸ்க்கே நோயுற்றிருந்தால் நிலைமை வேறு.

முதலில் காதால் கேளுங்கள். சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று தட்டும் சத்தமோ, சுழல முயன்று நின்றுவிடும் முனகலோ கேட்டால் உடனே மின்சாரத்தை எடுத்துவிடுங்கள். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்பதில்தான் மிச்சம் இருப்பதும் போகிறது. டிஸ்க்கின் படிக்கும் தலை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு தலைமுடியின் கனமே பத்தாயிரக்கணக்கான நானோமீட்டர். அந்தத் தலை சாய்ந்து தட்டை உரசத் தொடங்கியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் காந்தப் பூச்சு தூளாகிக்கொண்டிருக்கும். வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பதும் அதே விளைவைத்தான் தரும். தூசி வடிகட்டிய அறையில் மட்டுமே அதைத் திறக்கலாம். கொள்ளளவு பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் இப்போது ஹீலியம் அடைத்து வருகிறது. திறந்தால் அது வெளியேறிவிடும்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு அதைச் சுழற்றுவதா? தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து கீழ்ப்பலகையை (மின்சுற்றுப் பலகை) கழற்றி மாற்றிப் போடுவதும் பழைய கால வைத்தியம். இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய அளவீடுகள் தொழிற்சாலையிலேயே அந்தப் பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்படுகின்றன. அந்தச் சில்லையோ அதில் இருப்பதையோ மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் டிஸ்க் தன்னையே அடையாளம் கண்டுகொள்ளாது.

சத்தம் இல்லை, ஆனால் திறக்க நெடுநேரம் ஆகிறது, நகல் பாதியில் தொங்குகிறது என்றால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பாருங்கள். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே பூஜ்யத்துக்கு மேல் இருந்து, அது ஏறிக்கொண்டும் போனால் டிஸ்க்கின் சிறு கட்டங்களான செக்டர்கள் கெட்டுவருகின்றன. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், டிஸ்க் பாவம்.

செக்டர் கெட்டுவரும் டிஸ்க்கில் சாதாரண காப்பி பேஸ்ட் கூடாது. அது கெட்ட இடத்தில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் படிக்க முயலும். பலவீனமான தலை அதிலேயே போய்விடும், நன்றாக இருந்த மீதி இடத்தையும் படிக்க முடியாமல் ஆகிவிடும். விண்டோஸின் செக்டிஸ்க், லினக்ஸின் எஃப்எஸ்சிகே போன்ற திருத்தும் கருவி எதுவும் இந்த நிலையில் கூடாது. க்னூ டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே செய்தது. சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் வேகமாக அள்ளிக்கொள்ளும், சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய்விடும், பிறகு திரும்பி வந்து அவற்றின் ஓரங்களைச் சுரண்டும். எது வந்தது எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால், நடுவில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட்டுத் தொடரலாம். அந்த வரைபடக் கோப்பு இல்லாமல் ஓட்டுவது இந்தக் கருவியின் பாதிப் பயனை வீணாக்குவது. சேரும் டிஸ்க் அசலின் அளவாவது இருக்க வேண்டும். இரண்டின் சீரியல் எண்ணையும் பார்த்து, எது எங்கிருந்து எங்கே போகிறது என்று உறுதி செய்த பிறகே எண்டர் கீயை அழுத்துவது என் வழக்கம். கோப்புகளை மீட்கும் வேலை எல்லாம் அதன் பிறகு கிளோனில்.

கோப்புகளை எழுதி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டமே சிதைந்துபோன நிலையில் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது பெயரையோ ஃபோல்டரையோ பார்க்காது; ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்தப் பைட்டுகளோடு தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுவதையும் துழாவும். படங்கள் நிறையக் கிடைக்கும். பெயர், தேதி வாரியான ஃபோல்டர் எல்லாம் போய்விடும். அதனால்தான் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பலர் இதிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள்.

டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம் கொடுப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலில் கிளோன் எடுத்துவிட்டு அதில்தான் வேலை செய்வீர்களா? பணம் கொடுக்கும் முன் மீட்கக் கூடிய கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் டிஸ்க்கை விட்டுவிட்டு வராதீர்கள். உத்தரவாதத்தில் டிஸ்க்கை மாற்றிக் கொடுப்பவர்கள் புது டிஸ்க்தான் தருவார்கள். பழையதும் அதில் இருந்ததும் திரும்ப வராது. எடுக்க வேண்டியதை எடுத்த பிறகே அனுப்புங்கள்.

'எங்கள் பெட்டியில் ரெய்டு இருக்கிறது, அதனால் கவலை இல்லை' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டு என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் ஓட அது உதவும். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரான்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. அதே ஆண்டு ஜூனில் இணையத்தோடு இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகளைத் தூரத்திலிருந்தே யாரோ ஃபேக்டரி ரீசெட் செய்து உள்ளே இருந்ததை அழித்துவிட்டார்கள். அந்த மாடலுக்குக் கடைசியாக மென்பொருள் புதுப்பிப்பு வந்தது 2015-இல். பெட்டிக்கு வெளியே, அதோடு கேபிளில் இணைந்திராத இன்னொரு டிஸ்க்கில் இருப்பதுதான் பேக்கப்.

இனி என் கோரிக்கை. நாஸ் பெட்டியின் அடிப்பக்கத்தில் சீரியல் எண்ணும் வோல்ட்டும் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் இன்னும் நான்கு விவரம் அச்சிடுவதற்குத் தயாரிப்பாளர்களுக்கு என்ன தடை? எந்த ஃபைல் சிஸ்டம், பிளாக் அளவு என்ன, எந்த ரெய்டு முறை, என்கிரிப்ஷன் உண்டா இல்லையா. சினாலஜி போன்ற சிலர் உபுண்டு கணினி மூலம் டிஸ்க்கைப் படிப்பது எப்படி என்று தங்கள் இணையதளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். எல்லோரும் செய்ய வேண்டும். ஆனால் பெட்டி செத்த இரவில் கையில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. ஸ்டிக்கர் கண்ணில் படும். 'விண்டோஸ் பார்மட் கேட்டால் மறுக்கவும்' என்ற வரியையும் அதிலேயே சேர்த்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை குறையும். சந்தோஷமாகக் குறைத்துக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கட்டுரையோடு மாடல்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். அடுத்த முறை அதில் கொள்ளளவு, வேகம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'பெட்டி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியுமா, எப்படி' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். அதை நிரப்ப எந்த மாடலின் டிஸ்க்கை அனுப்பினாலும் திறந்து பார்த்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஹார்டு டிஸ்க் பழுது பார்க்கும் ஒரு வாசகர்